அண்ணன் சொல்லாத பிரசங்கம்

அத்தியாயம் 11

நேற்று மதியம் தம்பி தன் ராஜினாமாக் கடிதத்தைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு, ஒன்றும் நடக்காதவன் மாதிரி கை கழுவப் போனான். போன வாரம் அங்கேதான் விட்டோம். அண்ணன் எழுந்து போய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். அண்ணி மூக்கை உறிஞ்சினாள். அக்கா மட்டும் பேயறைந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

கூடப் பிறந்தவன் சபை ஊழியத்துக்கு வருகிறேன் என்கிறான், இவளுக்கு ஏன் முகம் இப்படிப் போகிறது என்று அண்ணி கேட்டாள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். அக்கா தலைவலி என்று சொல்லித் தப்பித்தாள். தலைவலியும் எத்தனை நாளைக்குத்தான் கை கொடுக்கும்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு நிமிடம். அந்த வீட்டில் பிறந்தவர்கள் மூன்று பேர். மூத்தவர் அண்ணன், பத்தொன்பது வருடமாக ஒரு சின்னச் சபையின் போதகர். நடுவில் அக்கா. ஆஸ்பத்திரியில் டாக்டர் வாயால் சொல்வதைக் காது கேளாத நோயாளிகளுக்குக் கையால் சொல்வதும், அவர்கள் கையால் சொல்வதை டாக்டருக்கு வாயால் சொல்வதும் அவள் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் அதே வேலையைப் பிரசங்க மேடைக்குப் பக்கத்தில் நின்று ஆண்டவருக்காகச் செய்கிறாள். கடைக்குட்டி தம்பி. பிறவியிலிருந்தே காது கேட்காது. பெரிய அச்சகம் ஒன்றில் தலைமை மெஷின்மேன்.

இப்போது அந்தத் தலைவலிக்கு வருவோம். தம்பியை வேலையை விட வைத்த பிரசங்கத்தை அண்ணன் செய்யவே இல்லை. செய்தது அக்கா.

நேற்று அண்ணன் பேசியது, பைபிள் கதையில் எஜமான் கொடுத்த தாலந்துப் பணத்தை மண்ணில் புதைத்து வைத்தவனைப் பற்றி. அவர் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: ஆண்டவர் கொடுத்த திறமையை அவரவர் இருக்கிற இடத்திலேயே முழு மனதோடு பயன்படுத்துங்கள். தைக்கிறவர் ஒழுங்காகத் தைத்தால் அதுவும் ஊழியம்தான். நல்ல விஷயம்தான், யார் இல்லையென்றது. ஆனால் அண்ணன் ஒரு நல்ல விஷயத்தை நாற்பது நிமிடம் ஒரே குரலில், தாளைப் பார்த்து, சொல்லக்கூடியவர். பின் வரிசையில் ஒருவர் குறட்டையே விட்டார்.

மேடைக்கு இடப்பக்கம் நின்ற அக்காவின் கைகள் அப்போது வேறொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தன. 'கையில் இருப்பதைக் கீழே வை. எழுந்து வா. காது கேளாத ஒருவனிடம் அவன் மொழியிலேயே ஆண்டவரைப் பற்றிச் சொல்ல உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?'

முன் இரண்டு வரிசைகளில் காது கேளாதவர்கள் பதினோரு பேர் கண் கொட்டாமல் அதைப் பார்த்தார்கள். அவர்களில் ஒருவன் தம்பி.

இது நேற்று முளைத்த பழக்கம் இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் அண்ணன் தாளைத் தவறவிட்டு, வாசித்த பக்கத்தையே மறுபடி வாசித்தார். பதினோரு முகங்களும் வாடுவதை அக்கா பார்த்தாள். கை சும்மா இருக்கவில்லை. சின்னதாக ஒரு கதையை எடுத்துவிட்டாள். முகங்கள் மலர்ந்தன. அடுத்த வாரம் ஒரு சிட்டிகை, அதற்கடுத்த வாரம் ஒரு பிடி என்று போய், கடைசியில் உப்பு எது சோறு எது என்று அவளுக்கே தெரியாமல் போனது.

முன் இரண்டு வரிசைகள் மட்டும் சிரிக்கும், கண்ணைத் துடைத்துக்கொள்ளும். மற்ற சபை சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும். காது கேளாதவர்களுக்கு ஆண்டவர் தனிச் சந்தோஷம் கொடுத்திருக்கிறார் என்று மூத்தவர்கள் பேசிக்கொண்டார்கள். சைகை தெரிந்தவர் வேறு யாரும் சபையில் இல்லை. அண்ணனுக்குத் தெரிந்தது நாலே நாலு சைகைதான்: வா, போ, சாப்பிட்டாயா, ஜெபம். கூடப் பிறந்த தம்பியிடம், அவனுக்கு நாற்பது வயது ஆகும் வரை அவர் பேசியது அந்த நாலும்தான். மிச்சமெல்லாம் அக்கா வழியாக.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அக்கா வேண்டுமென்றே யாரையும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டைவிட்டுக் கிளம்புமுன் கதவுக்குப் பின்னால் நின்று, 'என் கையை நீர் எடுத்துக்கொள்ளும்' என்று ஜெபித்துவிட்டுத்தான் போனாள். முழு மனதாகக் கொடுப்பது என்றால் இதுதான் என்று நம்பினாள். இப்போது அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

*

திங்கட்கிழமை காலை ஏழரைக்கே அண்ணி வந்து நின்றாள். கையில் ஒரு பழுப்பு உறை.

"உங்க அண்ணன் குளிக்கறார். அதுக்குள்ள திரும்பிப் போகணும்" என்று சொல்லிக்கொண்டே உறையைக் கவிழ்த்தாள். மேஜை மேல் காகிதத் துண்டுகள் விழுந்தன.

"என்ன அண்ணி இது?"

"அவரோட ராஜினாமா. ரெண்டு மாசமா பிரசங்க ஃபைலுக்கு அடியில வெச்சிருந்தார். எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. பத்தொம்பது வருஷம் பேசியும் ஒரே ஒருத்தர் மனசுகூட அசைஞ்சு நான் பாக்கல, இந்த வேலைக்கு நான் சரியான ஆள் இல்லன்னு எழுதியிருந்தார். நேத்து தம்பி கடிதம் வெச்சானா, சாயங்காலம் இதை எடுத்துக் கிழிச்சுக் குப்பைக்கூடையில போட்டார்."

"கிழிச்சதை நீங்க ஏன் பொறுக்கினீங்க?"

"திரும்ப எடுத்து ஒட்டிடுவாரோன்னுதான். உங்க அண்ணனை நம்ப முடியாது."

அண்ணி துண்டுகளை மறுபடி உறைக்குள் போட்டு, அதை அக்காவின் கையில் திணித்தாள். "உன்கிட்ட இருக்கட்டும். எங்க வீட்டுல வெச்சா கண்டுபிடிச்சிடுவார். நேத்து அவர் சிரிச்சதைப் பாத்தியா? கல்யாணம் ஆன புதுசுல பாத்தது."

அண்ணி போன பிறகு அக்கா உறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். உண்மையைச் சொன்னால் அண்ணன் சபையை விட்டுப் போய்விடுவார். சொல்லாவிட்டால் தம்பியின் வேலை போய்விடும். இரண்டில் எது பெரியது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தம்பி ஊழியத்துக்குப் போவது ஒருவேளை நல்லதுதானோ என்றும் தோன்றியது. அப்படியானால் அவள் செய்தது தப்பா, தப்பு வழியாக வந்த நல்லதா? ஜெபிக்க உட்கார்ந்தாள். என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்தாள்.

*

பத்தரை மணிக்கு எலும்பு வைத்தியப் பிரிவில் அவளுக்கு வேலை. நோயாளி முட்டி வலிக்கு வந்த ஒரு தையற்காரப் பெண்மணி, காது கேளாதவர். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இதுக்கு மேல எதிர்பார்க்கக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றார்.

அக்கா அப்படியே கையால் சொன்னாள். கடுமையையும் சேர்த்துத்தான்.

பெண்மணியின் கைகள் படபடவென்று பதில் சொல்லின. அக்கா வாயால் சொன்னாள்: "நான் முட்டியைக் காட்ட வந்தேன். என் வயசு எனக்கே தெரியும். முட்டியைப் பத்திச் சொல்லுங்க."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, முட்டியைப் பற்றிச் சொன்னார்.

இந்த வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பயிற்சி கொடுத்த அம்மாள் சொன்னது: "பேச்சு அவங்களோடது. கை மட்டும்தான் உன்னோடது. கூட்டாதே, குறைக்காதே, அழகுபடுத்தாதே." பன்னிரண்டு வருடமாக இந்தக் கட்டிடத்தில் அவள் அந்த வாக்கை மீறியதில்லை. ஒரே ஒரு தடவை தவிர. அது மூன்றாவது மாடியில், அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில்.

ஐந்து வருடம் ஆயிற்று. அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் அக்கா, கால்மாட்டில் தம்பி. அப்பா தம்பியையே பார்த்துக்கொண்டிருந்து, "இவனை இனிமே யார் பாத்துப்பா? எதுக்கும் உதவாம போயிட்டானே" என்றார். அதுதான் கடைசி வார்த்தை.

தம்பி அக்காவின் பக்கம் திரும்பி, அப்பா என்ன சொல்கிறார் என்று கேட்டான்.

அக்காவின் கைகள் ஒரு நொடி நின்றன. பிறகு சொன்னன: 'இந்த வீட்டிலேயே வேலை தெரிந்த கை உன்னுடையதுதான் என்கிறார்.'

தம்பி அப்பாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான். அப்போது அவன் அச்சகத்தில் கழிவுக் காகிதம் கூட்டிக்கொண்டிருந்தான். அடுத்த மாதமே மேனேஜரிடம் போய், மெஷினில் வேலை கற்றுக்கொடுக்கச் சொல்லி எழுதிக் காட்டினான். ஒரே வருடத்தில் மெஷின் அவன் பேச்சைக் கேட்டது. அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் அவன் இத்தனை வருடமும் நிமிர்ந்து நின்றான். அதனால் அதைத் தப்பு என்று அக்கா ஒருநாளும் நினைத்ததில்லை. இன்று முதல் தடவையாக நினைத்தாள்.

*

மூன்று மணிக்குச் சபைக் கட்டிடத்தின் பின்னறைக்குப் போனாள். சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தாள்.

அண்ணன் நேற்றைய தாள்களை மேஜை முழுக்கப் பரப்பி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். அவரைப் பற்றி ஒரு விஷயம் தெரிந்துகொண்டால் போதும். ஒருமுறை ஆராதனைக்கு வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர் என்பதற்குப் பதில் வாய் தவறி எழுபது என்று அறிவித்துவிட்டு, அடுத்த வாரம் மேடையில் நின்று அதற்காக மன்னிப்புக் கேட்டவர். பொய் அவர் வாயில் ஒட்டாது.

"வாம்மா. உன்னைத்தான் நெனச்சுட்டிருந்தேன்" என்றார். "காலையிலேருந்து தேடறேன். எந்த வரி அவனைத் தொட்டுச்சுன்னு தெரியல. இருக்கிற எடத்துல உண்மையா இருன்னுதான் எழுதியிருக்கேன். அவன் எடத்தையே விட்டுட்டு வர்றேங்கறான்."

"அண்ணா, அதைப் பத்தித்தான் பேச வந்தேன்."

"நான் சொல்றேன் கேளு. இது பரிசுத்த ஆவியானவர் செஞ்ச வேலை. நான் ஒண்ணு பேசினேன். அவர் நடுவுல புகுந்து அவனுக்குத் தேவையானதா மாத்திக் கொடுத்துட்டார். பத்தொம்பது வருஷத்துல இப்பதான் கண்ணால பாக்கறேன்."

நடுவில் புகுந்தவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஒருவேளை நடுவுல வேற யாராச்சும் மாத்தியிருந்தா?" என்று மெல்லக் கேட்டாள்.

"வேற யாரு? நடுவுல நீ ஒருத்திதான் இருக்க" என்று அண்ணன் சிரித்தார். சிரித்துவிட்டு இழுப்பறையைத் திறந்து, உள்ளே ஒன்றும் இல்லாததைக் காட்டினார். "இங்க ஒரு கடிதம் இருந்துச்சு. உனக்கும் தெரியாது, உங்க அண்ணிக்கும் தெரியாது. நான் போயிடறதா எழுதி வெச்சிருந்தேன். எனக்கு வராத வேலையை இத்தனை வருஷம் பண்ணிட்டேன்னு நெனச்சேன். ஆண்டவர் கொடுத்த ஒரே தாலந்தையும் நான்தான் மண்ணுல புதைச்சுட்டேனோன்னு நேத்து பேசும்போதுகூட உள்ளுக்குள்ள நடுங்கிட்டே இருந்தேன்."

அக்காவின் கைப்பையில் அந்தக் கடிதம் நூறு துண்டாகக் கிடந்தது. பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"நாலு மணிக்குள்ள அவன் கடிதத்தைக் கொடுக்கணுமாம். அதுக்கு முன்னால அவன் மெஷின் பக்கத்துலயே நின்னு ஜெபம் பண்ணணும்னு ஆசை. நீயும் வா. நீ இல்லாம நான் எப்படி அவன்கிட்டப் பேசறது."

அக்கா எழுந்து அவர் பின்னால் நடந்தாள். கோபம் கோபமாக வந்தது. அண்ணன் மேலா, தன் மேலா, நாலு சைகைக்கு மேல் கற்றுக்கொள்ளாத அந்த நாற்பது வருடத்தின் மேலா என்று அவளுக்கே தெரியவில்லை.

*

அச்சகத்தின் வாசலில் மேனேஜர் கையில் அட்டையோடு நின்றார்.

"மூணே முக்கால் ஆகுது ஐயா. புது மெஷினுக்குப் பயிற்சிக்கு அனுப்பற ஆளுங்க லிஸ்ட் நாலு மணிக்குப் போயிடும். முதல் பேரே உங்க தம்பிதான். கடிதம் என் கைக்கு வந்துட்டா அடிச்சுட்டு வேற பேரைப் போடணும். அப்புறம் திருப்பி எழுத எனக்கு அதிகாரம் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "போதகர்கிட்ட இதைச் சொல்லக் கூடாது. ஆனா மெஷினைத் தொட்டே கோளாறைச் சொல்ற ஆள் எனக்கு ஜென்மத்துக்கும் கெடைக்க மாட்டார்" என்றார்.

உள்ளே நாலு வண்ண மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. தரையே அதிர்ந்தது. மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை. அவ்வளவு பெரிய சத்தத்துக்கு நடுவில் தம்பி மெஷினின் பக்கவாட்டு மூடியில் உள்ளங்கையைப் பதித்து, கண்ணை மூடி நின்றான். இரண்டாவது ரோலரில் ஏதோ பிசகு என்று அவன் கைக்குத் தெரிந்திருக்கிறது. மற்றவர்களுக்கு அது காதில் விழ இன்னும் அரை மணி நேரம் ஆகும்.

அண்ணனைப் பார்த்ததும் அவன் முகம் விரிந்தது. 'சாப்பிட்டாயா' என்று அண்ணன் சைகை காட்டினார். 'ஜெபம்' என்று அடுத்த சைகையும் காட்டினார். கையிருப்பில் பாதி காலி.

பிறகு கண்ணை மூடி, கைகளை உயர்த்தி, உரக்க ஜெபிக்கத் தொடங்கினார். அந்த இரைச்சலில் அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டுமே தெரியும். பக்கத்தில் அக்கா மொழிபெயர்த்துக்கொண்டிருப்பாள் என்று அவர் நினைத்திருப்பார்.

அக்கா கைகளைத் தூக்கினாள்.

"கடிதத்தைக் கொடுக்காதே."

தம்பியின் புருவம் சுருங்கியது. "அண்ணன் அப்படியா ஜெபிக்கறார்?" என்று கையால் கேட்டான்.

"இல்ல. இது நான். நேத்து அண்ணன் வேலையை விடச் சொல்லல. இருக்கிற எடத்துலயே முழு மனசா வேலை செய்யுங்கன்னுதான் சொன்னார். விட்டுட்டு வான்னு சொன்னது நான்."

தம்பி அவள் கைகளையே பார்த்தான். விளையாடுகிறாள் என்று நினைத்தானோ என்னவோ, லேசாகச் சிரிப்பு வந்து நின்றது.

"எத்தனை நாளா இப்படி?"

"மூணு வருஷமா."

"எல்லாமேவா?"

"பாதி. சில வாரம் பாதிக்கு மேல."

"எதுக்கு?"

"உங்க முகம் வாடறதைப் பாக்க முடியல. ஆண்டவர் எனக்குக் கொடுத்தது இந்தக் கை ஒண்ணுதான். அதை அரைகுறையா கொடுக்கக் கூடாதுன்னு நெனச்சேன்."

"அப்ப நேத்து என்னைக் கூப்பிட்டது யாரு? அண்ணனா, நீயா, ஆண்டவரா?"

"தெரியலடா. சொல்லும்போது அது என்னோட வார்த்தைன்னு எனக்குத் தோணல. இப்ப தோணுது. நாளைக்கு எப்படித் தோணும்னு தெரியாது."

பக்கத்தில் அண்ணனின் ஜெபம் போய்க்கொண்டிருந்தது. அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

தம்பி எங்கோ பார்த்தான். யோசித்தான். பிறகு அவன் முகத்தில் ஒன்று மாறியதை அக்கா பார்த்தாள். பயமும் சந்தேகமும் கலந்து, சின்ன வயதில் இருட்டுக்கு அவன் பயந்த முகம் திரும்பி வந்தது. சட்டென்று திரும்பிப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினான்.

மெஷின் முனகி நின்றது. பாதி அச்சில் மெஷினை நிறுத்துவது அந்தக் கூடத்தில் நடக்காத காரியம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். திடீரென்று விழுந்த அமைதியில் அண்ணனின் குரல் மட்டும் தனியாக ஒலித்தது: "... இந்தக் கைகளை உமக்கென்றே பிரித்தெடுத்தீரே..." அவர் கண்ணைத் திறந்தார். குழம்பிப்போய், "ஆமென்" என்றார்.

"என்னம்மா, ஏன் நிறுத்திட்டான்?"

தம்பி அக்காவின் முன்னால் வந்து நின்றான். "நான் சொல்றதை அண்ணன்கிட்ட வாயால சொல்லு. கூட்டாதே, குறைக்காதே. ஆஸ்பத்திரியில செய்யற மாதிரி செய்."

மொழிபெயர்ப்பவள் பேசுகிறவனாகவே பேச வேண்டும் என்பது அந்தத் தொழிலின் விதி. அக்கா தன்னைப் பற்றிய குற்றப்பத்திரிகையைத் தன் வாயாலேயே வாசித்தாள்.

"அண்ணா, அக்கா மூணு வருஷமா உங்க பிரசங்கத்துல தன் சொந்தச் சரக்கைச் சேர்த்து எங்களுக்குச் சொல்லியிருக்கா. நேத்து வேலையை விடச் சொன்னது நீங்க இல்ல, அக்கா. இப்பதான் எனக்கே சொன்னா."

அண்ணன் அக்காவைப் பார்த்தார். அடுக்கி வைத்திருந்த காகிதக் கட்டின் மேல் மெல்ல உட்கார்ந்தார்.

"முன் வரிசையில சிரிப்பாங்களே" என்றார். "அது?"

"நான்தான் அண்ணா."

"போன மாசம் அந்தத் தச்சர் வந்து என் கையைப் பிடிச்சு அழுதாரே."

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அண்ணன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. வைதிருந்தால் இன்னும் தேவலை.

தம்பி அவள் தோளைத் தட்டினான். இன்னும் முடியவில்லை என்றான். கைகள் மெதுவாக அசைந்தன. அக்காவுக்கு முதல் சைகையிலேயே புரிந்துவிட்டது. ஆனால் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

"அப்பா கடைசியா என்னைப் பாத்து ஒண்ணு சொன்னார்" என்று அவள் அவன் குரலாகச் சொன்னாள். "இந்த வீட்டுலயே வேலை தெரிஞ்ச கை உன்னுதுதான்னு சொன்னதா அக்கா எனக்குக் காட்டினா. அதை வெச்சுத்தான் நான் இந்த மெஷின்கிட்ட வந்தேன். அதை வெச்சுத்தான் ஊழியத்துக்கும் போகலாம்னு தைரியம் வந்துச்சு. இப்ப அக்காவை நம்ப முடியல. நீங்களும் அங்க நின்னீங்க. உங்க காதால கேட்டீங்க. அப்பா நிஜமாவே அதைச் சொன்னாரா?"

வாசலில் மேனேஜர் வந்து நின்று, கடிகாரத்தைப் பார்த்து, அட்டையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

தம்பியின் கைகள் மறுபடி அசைந்தன. அக்கா குரல் உடையாமல் சொல்லப் பார்த்தாள், உடைந்தது. "அவர் சொன்னார்னா இந்தக் கையை எங்க கொடுக்கறதுன்னு நானே முடிவு பண்ணிக்கறேன். சொல்லலைன்னா, ஒண்ணுக்கும் உதவாத கையை எங்க கொடுத்தா என்ன."

அண்ணன் எழுந்தார்.

அன்றைக்கு அக்கா தம்பிக்கு என்ன காட்டினாள் என்பது அவருக்கு இந்த நிமிடம்தான் தெரியும். அப்பா சொன்னது என்ன என்பது ஐந்து வருடமாகத் தெரியும். மறந்திருக்க வழியில்லை. அறுபத்து மூன்றை எழுபது என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டவர். அவர் உண்மையைத்தான் சொல்வார், சொன்னதை அப்படியே கையால் சொல்லத்தான் வேண்டும், தம்பி அதைப் பார்க்கத்தான் வேண்டும் என்று அக்கா தன்னைத் தயார்செய்துகொண்டாள். எல்லாம் அவள் கை செய்த வினை.

அண்ணன் தம்பியின் எதிரே போய் நின்றார். மை அப்பிய அவன் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டார். தாள் இல்லை. ஒரே குரலும் இல்லை. பத்தொன்பது வருடத்தில் மேடையில் ஒருநாளும் பேசாத குரலில் அவனைப் பார்த்துச் சொன்னார்:

"ஆமா. அப்பா அதைத்தான் சொன்னார். என் காதால கேட்டேன்."

பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "சொல்லும்மா" என்றார். அவர் கண்ணில் கெஞ்சல் இருந்தது.

அக்கா கைகளைத் தூக்கினாள். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அண்ணன் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், அப்படியே தம்பிக்குச் சொன்னாள். அது பொய் என்பது அண்ணனுக்கும் அவளுக்கும் தெரியும்.

தம்பி அவள் கைகளைப் பார்த்தான். அண்ணனின் முகத்தைப் பார்த்தான். மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்தான். அதை என்ன செய்தான் என்பது அடுத்த வாரம்.